விரால் விழுந்த கூறு

கேளுங்கள், சொல்கிறேன். மீன் வாடை ஆகாதவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காரலாம். இந்தக் கதை முழுக்க ஈரமும் சேறும்தான்.

ஏரியை வெட்டிய ராஜாவின் பெயரே ஏரிக்கும் இருந்த காலம் அது. வேலராயன் வெட்டினான், வேலராயன் ஏரி என்றார்கள். ராஜா போனான், அவன் மகன் வந்தான், அவனும் போனான். ஏரி மட்டும் வருஷா வருஷம் நிறைவதும் வற்றுவதுமாக இருந்தது.

அதன் கரையில் ஏழு வீடுகள் இருந்தன. ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இழுவலை. ஒரு வீட்டு ஆள் வராவிட்டாலும் கரைக்கு இழுக்க முடியாது, அவ்வளவு பெரிய வலை. அதனால் அந்த ஏழு வீட்டுக்காரர்களும் பகலில் எப்படி ஏசிக்கொண்டாலும், வெயில் தாழ்ந்ததும் ஒரே கயிற்றைப் பிடித்தாக வேண்டும்.

முதல் வீட்டில் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். அண்ணன் பெயர் சடையாண்டி. பத்து வயதில் அம்மை கண்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. தம்பி மருதன் அப்போது தவழ்கிற பிள்ளை. அவன் நடக்கக் கற்றதே அண்ணன் விரலைப் பிடித்துக்கொண்டுதான். நடக்கத் தெரிந்த பிறகு ஒரு மூங்கில் கோலை எடுத்து, ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மறுமுனையை அண்ணன் கையில் கொடுத்தான். அன்று முதல் தம்பி முன்னால், அண்ணன் பின்னால். முப்பது வருஷம் அந்தக் கோல் இருவருக்கும் நடுவில் போய்வந்தது.

சாயங்காலம் ஏரியில் அவர்கள் செய்யும் வேலையைச் சொல்கிறேன். மருதன் வலையைத் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் போவான். கரையில் சடையாண்டி வலைக்கயிற்றின் தலைப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தம்பி அரைவட்டமாகச் சுற்றி வலையை இறக்கிக்கொண்டே வந்து அதே கரையில் கொஞ்சம் தள்ளி ஏறுவான். அதுவரை அண்ணன் இடுப்புக் கயிறுதான் வலைக்கு முளைக்குச்சி. தம்பி எங்கே போகிறான், எங்கே சேற்றில் மாட்டிக்கொண்டான் என்பதெல்லாம் அந்தக் கயிற்றின் வழியே அண்ணனுக்குத் தெரியும். பிறகு ஏழு வீடும் சேர்ந்து இழுக்கும்.

மீன் கரைக்கு வந்ததும் ஏழு தாமரை இலையை வரிசையாக விரிப்பார்கள். கெண்டை, கெளுத்தி, குறவை, ஆரல் எல்லாவற்றையும் ஏழு கூறாகப் போடுவார்கள். கண்ணளவுக்குச் சமமாகத்தான் போடுவார்கள். ஆனால் விரால் அகப்பட்டால் என்ன செய்வது? துடிக்கிற மீனை வெட்டிப் பங்கு போடக் கூடாது என்பது ஏரி வழக்கம். அது ஏதாவது ஒரு கூறில் விழும். அந்தக் கூறு எந்த வீட்டுக்கு என்பதுதான் சாயங்காலத்தின் பெரிய பேச்சு.

அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவன் கூறுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். இன்னொருவன் கோலால் ஒரு கூறின் பக்கத்தில் தட்டி, "இது யாருக்கு?" என்று கேட்க வேண்டும். முதுகு காட்டியவன் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வான். சொன்ன பெயருக்கு அந்தக் கூறு. மறுபேச்சு கிடையாது.

மறுபேச்சு கிடையாது என்று சொல்வார்களே தவிர, ஆதியில் பேச்சு நிறையவே இருந்தது. இவன் தண்ணீரில் நிழல் பார்த்துச் சொன்னான் என்பார்கள். அவன் பெண்டாட்டி இருமிக் காட்டினாள் என்பார்கள். கடைசியில் ஒருநாள் யாரோ ஒருவனுக்குப் புத்தி வந்து, கண் தெரிகிறவனைத் திருப்பி உட்கார வைப்பதற்குக் கண்ணே தெரியாதவனை உட்கார வைத்தால் என்ன என்று கேட்டான். அன்றைக்கே சடையாண்டியைக் கரைக்கல்லில் உட்கார வைத்தார்கள். கோல் பிடிக்கிறவன் மருதன் என்பதால் தட்டுகிற வேலையும் அவனுக்கே வந்தது. அதோடு சண்டை தீர்ந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரு முணுமுணுப்பு இல்லை.

இன்னும் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்தவன் கூறை யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. 'கூறு கேட்ட கை வலை தொடாது' என்று அந்தக் கரையில் ஒரு சொலவடையே உண்டு. பட்டினி கிடந்தாலும் கேட்க மாட்டார்கள். அதை மானம் என்று நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், பின்னால் பார்ப்போம்.

சடையாண்டியிடம் ஒரு நூல்கயிறு இருந்தது. அதில் கோக்க ஏழு சாமான் வைத்திருந்தான். தன் வீட்டுக்கு வலையில் கட்டுகிற மண்குண்டு. பக்கத்து வீட்டு அங்காயிக்கு ஓட்டை போட்ட நத்தை ஓடு. காத்தான் வீட்டுக்கு ஒரு வேப்பங்கட்டைத் துண்டு. மற்ற வீட்டுக்கும் இப்படி ஒவ்வொன்று. தம்பி தெப்பத்தில் சுற்றி வருவதற்குள் அவற்றை மடியில் குலுக்கிப் போட்டு, கைக்கு வந்தபடி ஒவ்வொன்றாகக் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வான். பிறகு பெயர் சொல்லும்போது கட்டைவிரலால் வரிசையாக நகர்த்திக்கொண்டே சொல்வான். யார் பெயர் ஆயிற்று, யார் பெயர் பாக்கி என்று மறக்காமல் இருக்க வைத்திருக்கிறான் என்று ஊர் நினைத்தது. அவனும் வேறெதுவும் சொன்னதில்லை.

இப்படி இருக்கையில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு வட்டிலளவுக்கு வந்தது. தண்ணீர் கெட்டுக் காய்ச்சல் பரவிற்று. மருதனின் மகள் செவந்திக்கு நான்கு வயது. அவளுக்கும் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளை எழுந்திருக்கவில்லை, கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பு இல்லாமல் கிடந்தாள்.

வைத்தியர் நாடி பார்த்தார். மூன்று சாயங்காலம் விடாமல் விரால் சாறு கொடுக்க வேண்டும், இடையில் ஒருநாள் விட்டாலும் பிள்ளை தங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் விரால் விழ வேண்டுமானால் அதற்கு மூன்று பிறவிப் புண்ணியம் வேண்டும். ஏரி இருந்த இருப்பில் ஒரு நாளைக்கு ஒரு விரால் அகப்படுவதே பெரிது. மருதன் ஊராரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூறு கேட்ட கை என்று யாராவது சொல்லிவிடுவார்களே என்று பயந்தான். அண்ணனிடம் கேட்பதற்கு மட்டும் அவனுக்கு மானம் குறுக்கே நிற்கவில்லை.

ஏரிக்குப் போகிற வழியில் கோலை நிறுத்தித் திரும்பினான்.

"அண்ணே, எல்லாக் கூறுக்கும் ஒருவாட்டி தட்டுவேன். விரால் கிடக்கிற கூறுக்கு ரெண்டுவாட்டி தட்டுவேன். அப்ப நம்ம வீட்டைச் சொல்லு. மூணே நாள்."

சடையாண்டி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கோல் நகர்ந்தது, அவனும் நடந்தான்.

முதலாம் சாயங்காலம். வலை வந்தது, ஒரு விரால் வந்தது. இரண்டாவது கூறின் பக்கத்தில் கோல் இரண்டு முறை தட்டிற்று. சடையாண்டியின் கட்டைவிரல் கயிற்றில் நத்தை ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது அங்காயியின் பெயர். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். விரல் அங்காயியைத் தொட்டபடியே இருக்க, வாய் 'மருதன் வீடு' என்றது. பிறகு விரல் மண்குண்டுக்கு வந்தபோது வாய் 'அங்காயி வீடு' என்றது. பன்னிரண்டு வருஷத்தில் விரலும் வாயும் பிரிந்தது அன்றுதான்.

இரண்டாம் சாயங்காலம். கோல் இரண்டு முறை தட்டிற்று. விரல் வேப்பங்கட்டையில் இருந்தது, வாய் மறுபடியும் 'மருதன் வீடு' என்றது. காத்தான் தனக்கு வந்த பொடிக் கெளுத்தியைச் சந்தோஷமாக அள்ளிக்கொண்டு போனான். பிள்ளை நோவாகக் கிடக்கிற வீடு, சாமியே பார்த்துக் கொடுக்கிறது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். சடையாண்டி அதைக் கேட்டான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டான். ஆனால் செவந்தி அன்று கண்ணைத் திறந்து, பெரியப்பா என்று கூப்பிட்டாள். அந்தக் குரல் அவனுக்கு இனித்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மூன்றாம் சாயங்காலத்துக்கு வருகிறோம். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

வெயில் தாழ்ந்து ஏரி செம்மண் நிறமாக இருந்தது. மருதன் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போனான். தண்ணீர் அவ்வளவு குறைவு, பாதி தூரம் இறங்கி நடந்தே போனான். சடையாண்டி இடுப்புக் கயிற்றோடு உட்கார்ந்து, மடியில் ஏழையும் குலுக்கிக் கோக்கத் தொடங்கினான். அப்போது அங்காயி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அங்காயி புருஷனை இழந்தவள். அவன் போன பத்தாம் நாளே வந்து அவன் இடத்தில் கயிற்றைப் பிடித்தவள். ஆறு வயதில் ஒரே மகன், ஒண்டிமுத்து. அதிகம் பேசுகிற பெண் இல்லை. அன்று பேசினாள். குரலைத் தாழ்த்தி, மகனுக்கு ஐந்து நாள் காய்ச்சல் அடித்தது என்றும், இப்போது காய்ச்சல் விட்டும் பிள்ளை தலையைத் தூக்கவில்லை என்றும் சொன்னாள். வைத்தியர் விரால் சாறு சொல்லியிருக்கிறார் என்றாள்.

சடையாண்டியின் கை நின்றது. எத்தனை நாளாகச் சொல்லியிருக்கிறார் என்று கேட்டான்.

"ரெண்டு நாளா விரால் விழுமான்னு பாக்குறேன். விழல. விழாததுக்கு யார் என்ன பண்ண முடியும்? நான் கூறு கேக்கலண்ணே. என் பேரைச் சொல்லும்போது மனசுல ஒரு நல்ல நெனப்பு வச்சுச் சொல்லுங்க, அது போதும். கண்ணில்லாத வாய் சொன்னா அது ஏரி சொன்ன மாதிரி."

சொல்லிவிட்டு எழுந்து தன் இடத்துக்குப் போய் நின்றாள். ஒருவன் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடச் சடையாண்டிக்கு அப்படி வலித்திருக்காது. நத்தை ஓடு அவன் கையில்தான் இருந்தது. அதைக் கோத்தான். அடுத்து எது கைக்கு வந்ததோ அதைக் கோத்தான். ஏழும் கோத்துக் கட்டிக்கொண்டான். தண்ணீரில் கிடக்கிற மீன் எந்தக் கூறில் விழும் என்று அந்த நேரத்தில் எமனுக்கும் தெரியாது.

அதற்குள் இடுப்புக் கயிறு மூன்று முறை இழுபட்டது. தம்பி கரை ஏறிவிட்டான் என்று அர்த்தம். எல்லோரும் எழுந்து வலையை இழுத்தார்கள். பாதி சேறும் பாசியும்தான் வந்தது. மீன் ஒரு கூடைக்குக் காணாது. நடுவில் முழங்கை நீளத்துக்கு ஒரே ஒரு விரால்.

ஏழு இலை விரித்தார்கள். கூறு போட்டார்கள். மருதன் கோலை எடுத்துக்கொண்டான். சடையாண்டி கல்லில் உட்கார்ந்து மணிக்கட்டுக் கயிற்றின் முதல் மணியைப் பிடித்தான்.

கோல் ஒருமுறை தட்டிற்று. இது யாருக்கு? ஒரு பெயர் சொன்னான்.

கோல் ஒருமுறை தட்டிற்று. இது யாருக்கு? இன்னொரு பெயர் சொன்னான்.

கோல் இரண்டுமுறை தட்டிற்று. இது யாருக்கு?

கட்டைவிரல் மூன்றாவது மணிக்குப் போயிற்று. உருண்டையாக, குளிர்ச்சியாக இருந்தது. அது மண்குண்டு. அவன் சொந்த வீட்டின் மணி.

இன்றைக்குப் பொய்யே வேண்டாம். குலுக்கிக் கோத்த வரிசையே விராலை மருதன் வீட்டுக்குத் தருகிறது. விரலும் வாயும் ஒன்றாகவே இருக்கலாம். சொன்னால் செவந்திக்கு மூன்றாம் நாள் சாறு. சொன்னால் முந்தின இரண்டு நாளும் யாருக்கும் தெரியாமல் சேற்றில் புதைந்துபோகும். நீங்கள் என்றால் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருப்பேன்.

சடையாண்டி சொல்லவில்லை. கோல் மறுபடி இரண்டு முறை தட்டிற்று. காது கேட்கவில்லையா அண்ணே என்றான் மருதன். ஏழு வீடும் அண்ணன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சடையாண்டி கல்லிலிருந்து எழுந்தான். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கூறுகளின் பக்கம் முகத்தைத் திருப்பினான். மூன்றாவது இலையை நேராகக் கை நீட்டிக் காட்டினான்.

"விரால் இந்த இலையிலதான் கிடக்கு."

பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினான்.

"மத்த பொடி மீன் துடிச்சாலும் இலையில சத்தம் கேக்காது. விரால் மட்டும் நாழி நேரம் துடிக்கும். இலையில அது வாலால அடிக்கிற சத்தம் எனக்குக் கேக்கும். பன்னெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. தம்பி, நீ ரெண்டுவாட்டி தட்ட வேண்டியதே இல்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். கேட்கிற காதை அறுத்தெறிய முடியாது, அதனால்தான் வலை தண்ணீரில் இருக்கும்போதே, எது எங்கே விழும் என்று தெரிவதற்கு முன்பே, பெயர்களைக் குலுக்கிக் கோத்துவிடுவது என்று சொன்னான். கோத்த பிறகு எதைக் கேட்டாலும் விரல் தொட்ட பெயரைத்தான் சொல்வது என்று தனக்குத் தானே சத்தியம் வைத்திருந்ததைச் சொன்னான். முந்தாநாள் அந்தச் சத்தியம் உடைந்ததைச் சொன்னான். முந்தாநாள் விரால் அங்காயி வீட்டுது, நேற்றையது காத்தான் வீட்டுது, இரண்டையும் திருடித் தன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்றான். தம்பி தட்டினான் என்பதைச் சொன்னானே தவிர, தம்பி கேட்டதால் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மருதன் முகம் கறுத்தது. இன்றைக்கு விரல் எந்தப் பெயரில் இருக்கிறது, அதை மட்டும் சொல் என்றான்.

உன் பெயரில்தான் என்றான் சடையாண்டி.

"அப்ப நியாயமா எனக்கு வந்ததைக் குடு. எம்புள்ளை சாகக் கெடக்கு."

"முந்தாநாள் திருடினதைத் திருப்பிக் குடுக்காம, இன்னிக்கு வந்ததை நியாயம்னு தூக்கிட்டுப் போனா அதுவும் திருட்டுத்தான், தம்பி. இது அங்காயி வீட்டுக்கு."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. முப்பது வருஷம் இருவரும் பிடித்து நடந்த மூங்கில் கோலை மருதன் தலைக்கு மேல் சுழற்றி ஏரியில் எறிந்தான். இனிமேல் நீ யார் நான் யார் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேறிப் போனான்.

அங்காயி சபாஷ் என்று சொல்லவில்லை, சண்டாளா என்றும் சொல்லவில்லை. விராலை முந்தானையில் சுற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். வீட்டில் பிள்ளை கிடக்கிறது, அவளுக்கு நின்று பேச நேரம் ஏது? மற்றவர்களும் மிச்ச இலைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களுக்குக் கோபமா வருத்தமா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

சடையாண்டி தனியாக வீட்டுக்குக் கிளம்பினான். கையில் கோல் இல்லை. காலால் தடவித் தடவி நடந்தான். ஏரிக்கரைச் சரிவில் ஒருமுறை விழுந்தான். வாய்க்கால் திருப்பத்தில் ஒருமுறை விழுந்தான். தன் வீட்டு வேலிப்படலில் முட்டி ஒருமுறை விழுந்தான். தினமும் நடக்கிற வழிதான், ஆனால் தினமும் தம்பி முன்னால் போனான்.

முழங்காலில் ரத்தத்தோடு அவன் வாசலுக்கு வருவதற்குள் நன்றாக நேரம் ஆகியிருந்தது. உள்ளே அங்காயியின் குரல் கேட்டது. மூடிய சட்டியின் சூடும் மிளகு மணமும் வாசல்வரை வந்தது. சடையாண்டி வெளியிலேயே நின்றுவிட்டான்.

சாற்றில் பாதியை மகனுக்குக் கொடுத்துவிட்டு மீதியைச் செவந்திக்கு எடுத்து வந்திருந்தாள். மருதனுக்கு அதை வாங்கக் கை நீளவில்லை. உன் பிள்ளைக்குச் சேர வேண்டியதை நான் தின்றது போதாதா, இதையும் எப்படி வாங்குவேன் என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"முத நாள் சாறு எம்புள்ளையோடது. மூணாம் நாள் விட்டுப்போச்சுன்னா அதுவும் வீணாத்தானே போகும்? பிடிங்கண்ணே, ஆறிப்போகுது."

அவ்வளவுதான் சொன்னாள். சட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தவள், வாசலில் நின்ற சடையாண்டியைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டுப் போனாள். உள்ளே மருதன் அழுதான். அவன் அழுவதைச் சடையாண்டி சின்ன வயதுக்குப் பிறகு அன்றுதான் கேட்டான்.

செவந்தி பிழைத்தாள். ஒண்டிமுத்தும் பிழைத்தான். ஆனால் அவனுக்குச் சாறு இரண்டு நாள் பிந்திவிட்டது, எழுந்து நடக்க அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதமும் ஒவ்வொரு சாயங்காலமும் மருதன் அங்காயி வீட்டுக்குப் போய்ப் பையனைத் தூக்கி வெளித்திண்ணையில் காற்றாட உட்கார வைத்துவிட்டு வருவான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை.

நான் முந்திக்கொண்டு விட்டேன். அடுத்த நாளுக்கு வருகிறேன்.

அடுத்த நாள் மருதன் மட்டும் கயிறு பிடிக்கப் போனான், சடையாண்டி ஏரிக்குப் போகவில்லை. காத்தானைக் கல்லில் உட்கார வைத்தார்கள். அவன் நிழல் பார்த்தான் என்று சண்டை வந்தது. மறுநாள் அவன் கண்ணைத் துணியால் கட்டி உட்கார வைத்தார்கள். துணி மெல்லியது என்று சண்டை வந்தது. மூன்றாம் நாள் வலை இறங்கவே இல்லை. கரையில் கிடந்து காய்ந்தது. ஏழு வீட்டிலும் அடுப்பு சரியாக எரியவில்லை.

நான்காம் நாள் வெயில் தாழும்போது எல்லோரும் சடையாண்டி வாசலில் வந்து நின்றார்கள். மறுபடி நீதான் உட்கார வேண்டும் என்று காத்தான் கேட்டான். சடையாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குக் காது கேட்கும் என்று உங்களுக்குத் தெரிந்துபோயிற்று, இனி என்னை எப்படி நம்புவீர்கள் என்று கேட்டான்.

அங்காயி முன்னால் வந்தாள்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு நம்பினோம். அது எங்க தப்பு. தெரிஞ்சும் பன்னெண்டு வருஷம் சாயாம இருந்திருக்கீங்க. ரெண்டு நாள் சாஞ்சீங்க, அதையும் உங்க வாயாலதான் கேட்டோம். இவங்கள்ல வேற யாரு வாய் அப்படிச் சொல்லும்?"

வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். சடையாண்டி அந்த நூல்கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, உட்காருகிறேன், ஆனால் வழக்கம் இரண்டு மாற வேண்டும் என்றான். ஏழு மணியையும் எல்லோர் கண்ணுக்கு முன்னால் கோத்து, வலை கரைக்கு வருவதற்கு முன்பே அந்தக் கயிற்றைக் கரைக்கம்பத்தில் கட்டிவிட வேண்டும். நோவு கிடக்கிற வீடு எதுவானாலும், வலை இறங்குவதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும், விரால் அந்த வீட்டுக்கு. கேட்பது மானக்கேடு என்று இரண்டு வீடும் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் இரண்டு பிள்ளைகள் சாகக் கிடந்தன என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். கூறு கேட்ட கை என்கிற சொலவடை அன்றோடு அந்தக் கரையில் செத்தது.

எல்லாம் பேசி முடிந்தது. போகலாம் என்று திரும்பினார்கள். சடையாண்டியும் எழுந்தான், எழுந்தவன் அப்படியே நின்றான். அவனை யார் அழைத்துப் போவது? காத்தான் கையைப் பிடிக்க வந்தான். அதற்குள் வேலிப்பக்கமிருந்து ஈரக்கால் சத்தம் கேட்டது. அந்தக் காலடியைச் சடையாண்டிக்கு ஆயிரம் காலடிக்கு நடுவிலும் தெரியும்.

மருதன் இடுப்புவரை சேறாக நின்றான். மத்தியானத்திலிருந்து ஏரியில் தேடிக்கொண்டிருந்தான் போல. அண்ணனின் உள்ளங்கையில் ஒரு மூங்கில் முனையை வைத்தான். நான்கு நாள் சேற்றில் செருகி ஊறிக் கனத்துப்போயிருந்தது அந்தக் கோல். சடையாண்டி அதைத் தடவிப் பார்த்தான். முப்பது வருஷமாகத் தன் விரல் பதிந்து தேய்ந்த குழி அதே இடத்தில் இருந்தது.

"வா அண்ணே," என்றான் மருதன். "வலை காயுது."

தம்பி முன்னால் போனான், அண்ணன் பின்னால் போனான். அன்று சாயங்காலம் மருதன் ஏழு கூறுக்கும் ஒவ்வொரு முறைதான் தட்டினான். அவர்கள் வீட்டுக்குப் பொடிக் கெண்டை விழுந்தது. இருவரும் அதைச் சந்தோஷமாகத் தின்றார்கள்.

கேட்டவர்களே, இதுதான் நான் சொல்ல வந்தது: காணாதவனும் கேளாதவனும் நடுவன் அல்லன், கண்டும் கேட்டும் சாயாமல் நிற்பவனும், சாய்ந்துவிட்டால் அதைத் தன் வாயால் சொல்பவனுமே நடுவன்.